பெய்ஜிங்குக்குப் பிறகு ஹன்யூ: ரசிகர்கள் கேட்டதும் கேட்க வேண்டியதும்

2022 ஜூலை 19 அன்று டோக்கியோவில் செய்தியாளர்களைச் சந்தித்த ஜப்பானிய ஃபிகர் ஸ்கேட்டர் யுசுரு ஹன்யூ, இனிப் போட்டிகளில் கலந்துகொள்ளப் போவதில்லை என்றும் தொழில்முறை ஸ்கேட்டராகத் தொடரப் போவதாகவும் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 27. சோச்சி 2014, பியோங்சாங் 2018 என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2014, 2017 உலக சாம்பியன் பட்டங்கள். 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு முறை கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் முதலிடம். அமெரிக்கரான டிக் பட்டன் 1948, 1952 இரண்டிலும் தங்கம் வென்ற பிறகு, ஆண்கள் தனிநபர் பிரிவில் 66 ஆண்டுகள் யாருக்கும் வாய்க்காத இரட்டைத் தங்கம் அது.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சாம்பியன் ஒருவர் போட்டியை விட்டால் அடுத்து நடப்பது பெரும்பாலும் தெரிந்த கதைதான். பத்துப் பதினைந்து பேர் ஆடும் ஐஸ் ஷோவில் ஓரிரு பாடலுக்கு வருவார், சிறுவர்களுக்குப் பயிற்சி தருவார், இல்லையென்றால் டிவியில் வர்ணனை செய்வார். ரசிகர்களில் பாதிப் பேர் அடுத்த சாம்பியன் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஹன்யூ விஷயத்தில் நடந்தது வேறு. அறிவிப்பு வந்த ஏழே மாதத்தில், 2023 பிப்ரவரி 26 அன்று, பேஸ்பால் மைதானமான டோக்கியோ டோமில் ஐஸ் போட்டு அவர் ஒருவரே ஸ்கேட் செய்த நிகழ்ச்சிக்கு 35,000 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தில் ஒரு ஸ்கேட்டர் தனி ஆளாக நிகழ்ச்சி நடத்தியது அதுதான் முதல் தடவை.

இந்தக் கூட்டம் எப்படி உருவானது, அதன் ஆதரவு எங்கே அவருக்குப் பலமாக இருந்தது, எங்கே பாரமாயிற்று, இனி அவருடைய எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது எதைப் பேசினால் பயன் உண்டு என்பதே இந்த ஆய்வு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அவருடைய அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கப் போவது வலது கணுக்கால்தான். ரசிகர்களின் கோரிக்கை அந்தக் கணுக்காலைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெய்ஜிங்: புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தால்

2022 பிப்ரவரி 8, பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஷார்ட் புரோகிராம், அதாவது போட்டியின் இரண்டு கட்டங்களில் முதலாவது. முதல் ஜம்ப் குவாட் சால்கோ, அதாவது காற்றில் நான்கு சுற்று. சால்கோவில் ஸ்கேட்டர் இடது பிளேடின் உள்விளிம்பில் பின்னோக்கிச் சறுக்கி எழும்புகிறார். டோவை, அதாவது பிளேடின் முனைப் பல்லை, ஊன்றுவது கிடையாது. அதனால் அந்த ஒரு விளிம்பு பிடிக்கும் ஐஸ் வழவழப்பாக இருந்தாக வேண்டும். எழும்புகிற இடத்தில் ஐஸில் ஒரு குழி இருந்தது. பிளேடு அதில் இறங்கிவிட்டது என்று ஹன்யூ பிறகு சொன்னார். நான்கு சுற்று ஒரு சுற்றாகச் சுருங்கியது.

இத்தகைய குழி வருவது அபூர்வமல்ல. டோ ஊன்றி எழும்பும் ஒவ்வொரு ஜம்பும் ஐஸில் பள்ளம் தோண்டுகிறது. ஒவ்வொரு குழுவிலும் ஆறு பேர் வரை ஒரே நேரத்தில் ஆறு நிமிடம் வார்ம்-அப் செய்கிறார்கள். இயந்திரம் வந்து ஐஸை மறுபடி சமன் செய்வது ஒவ்வொருவருக்கும் நடுவில் நடப்பதில்லை. தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லாமலே நேர்ந்துவிடக்கூடிய தவறு இது.

ஷார்ட் புரோகிராமில் ஒற்றைச் சுற்று ஜம்புக்கு மதிப்பே கிடையாது. எனவே அந்த உறுப்புக்கு (மதிப்பிடப்படும் ஒவ்வொரு அசைவும் ஓர் உறுப்பு) பூஜ்யம். மூன்று ஜம்ப் உறுப்புகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர் 95.15 எடுத்தார் என்பதை ரசிகர்கள் இன்றும் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இடம் எட்டாவது. முதலிடத்தில் அமெரிக்காவின் நேதன் சென் 113.97; அடுத்து ஜப்பானியர்களான யூமா ககியாமா 108.12, ஷோமா உனோ 105.90.

இரண்டு நாள் கழித்து ஃப்ரீ ஸ்கேட், அதாவது நீளமான இரண்டாம் கட்டம்; இரண்டின் கூட்டுத்தொகைதான் இறுதிப் புள்ளி. அதில் குவாட் ஆக்சலை வைத்தார். முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவதால் ஆக்சலுக்கு எப்போதும் அரைச் சுற்று கூடுதல். குவாட் ஆக்சல் என்றால் நாலரைச் சுற்று. அதற்கு முன் சர்வதேசப் போட்டி எதிலும் அந்த ஜம்புக்கு அதன் பெயரில் புள்ளி கிடைத்ததில்லை. போட்டிக்கு முந்தைய பயிற்சியில் வலது கணுக்கால் சுளுக்கியிருந்த நிலையில் எழும்பி, கிட்டத்தட்டச் சுற்றி, விழுந்தார். நடுவர்கள் அதைக் குவாட் ஆக்சல் முயற்சி என்றே பதிந்து, சுழற்சி குறைந்ததற்கான குறியைப் போட்டார்கள். முழு அடிப்படை மதிப்பு 12.50, சுழற்சிக் குறைவால் 80 சதவீதமாகி 10.00, விழுந்ததால் தரப் புள்ளியில் (ஆடிய தரத்துக்காக நடுவர்கள் கூட்டுவது அல்லது குறைப்பது) 5.00 போய்விட்டது, விழுந்ததற்கான தனிக் கழிவு இன்னும் 1.00. கையில் நின்றது 4.00.

ஃப்ரீ ஸ்கேட் புள்ளி 188.06, அந்தச் சுற்றில் மூன்றாவது. மொத்தம் 283.21, நான்காம் இடம். வெண்கலம் வென்ற உனோவின் மொத்தம் 293.00. வித்தியாசம் 9.79.

ஹன்யூவின் எதிர்காலம் பற்றி அன்று தொடங்கிய விவாதம் முழுவதும் இந்த 9.79 மேல்தான் நின்றது. ஒரு தரப்பு, "குவாட் ஆக்சல் பிடிவாதம் பதக்கத்தைக் கெடுத்தது" என்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்கவில்லை. ஆக்சலில் கிடைத்த 4.00 இடத்தில் வேறொரு ஜம்ப் 13.79 ஈட்டியிருந்தால்தான் வெண்கலத்தைத் தொட்டிருக்க முடியும். பழகிய மும்மைச் சுற்று எதுவும் அந்த இடத்துக்கு எட்டாது. இன்னொரு நான்கு சுற்று ஜம்பான குவாட் லூப்பின் அடிப்படை 10.50, தரப் புள்ளி சராசரியாக +3 வாங்கினாலும் (ஒவ்வொரு படிக்கும் அடிப்படையில் 10 சதவீதம்) 13.65தான், அதாவது 0.14 குறைவு. கிட்டத்தட்டக் குறையே இல்லாத குவாட் லூப் தேவைப்பட்டிருக்கும், அதுவும் சுளுக்கிய காலில்.

ஷார்ட் புரோகிராமின் சால்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 9.70. தரப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் 0.97 சேரும். சராசரியாக +1 என்ற சுமாரான தரத்தில் இறங்கியிருந்தாலே 10.67. பதக்கம் போனது அந்தக் குழியில்தான். ஆக்சல் ஒரு ஸ்கேட்டர் தெரிந்தே எடுத்த முடிவு. குழி யாருடைய முடிவும் அல்ல. இந்த இரண்டையும் கலந்து பேசியதால்தான் பெய்ஜிங்குக்குப் பிந்தைய மாதங்களில் எவ்வளவோ வீண் சண்டை நடந்தது.

மற்றொரு தரப்பு, "இன்னும் ஒரு சீசன் போட்டியிட்டால் குவாட் ஆக்சலை முடித்துவிடுவார்" என்று கேட்டது. அன்பில் பிறந்த கோரிக்கைதான். ஆனால் போட்டியில் ஒரு சீசன் என்றால் ஆக்சல் மட்டுமல்ல; மற்ற குவாட்களையும் அதே தரத்தில் வைத்திருக்க வேண்டும், பயணம், விதிமாற்றம், புதிய புரோகிராம் எல்லாம் சேரும். 2018-19இல் ஃப்ரீ ஸ்கேட் நாலரை நிமிடத்திலிருந்து நான்கு நிமிடமாகவும், ஜம்புகள் எட்டிலிருந்து ஏழாகவும் குறைந்தன. தரப் புள்ளி ±3இலிருந்து ±5 ஆயிற்று. பழைய உலகச் சாதனைகள் எல்லாம் வரலாற்றுப் பட்டியலுக்குப் போய்விட்டன. பார்சிலோனாவில் 2015 கிராண்ட் பிரீ இறுதியில் அவர் எடுத்த 330.43 அப்படித்தான் கணக்கிலிருந்து ஒதுங்கியது. இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் அளவுகோலுக்கு உடம்பை வளைத்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, தன் அளவுகோலைத் தானே வைத்துக்கொள்ளும் வழியை அவர் தேர்ந்தார்.

கூட்டம் உருவான விதம்

ஹன்யூ 1994 டிசம்பர் 7 அன்று மியாகி மாநிலத்தின் செண்டாய் நகரில் பிறந்தவர். இரண்டு வயதிலிருந்தே ஆஸ்துமா. நான்கு வயதில் ஸ்கேட்டிங். அவர் பழகிய ரிங்க் நஷ்டத்தால் 2004இல் மூடப்பட்டது. அதே ரிங்கில் வளர்ந்த ஷிசுகா அராகாவா 2006 துரின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகு எழுந்த ஆதரவில் 2007இல் அது மறுபடி திறந்தது. இன்று அதன் பெயர் ஐஸ் ரிங்க் செண்டாய். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது 16 வயது ஹன்யூ அந்த ஐஸின் மேல்தான் இருந்தார். ஸ்கேட்ஸைக் கழற்றாமலே வெளியே ஓடினார். குடும்பத்தோடு தற்காலிக முகாமில் தங்கினார். ரிங்க் திரும்பவும் மூடியது. அந்தக் கோடையில் ஊர் ஊராக ஐஸ் ஷோக்களில் ஆடி, அங்கே கிடைத்த ஐஸ் நேரத்தையே பயிற்சியாக்கிக்கொண்டார். 2012இல் டொரண்டோ போய் பயிற்சியாளர் பிரையன் ஓர்சரிடம் சேர்ந்தார்.

பேரிடர் பகுதியிலிருந்து எழுந்து வந்த பையன் என்ற பிம்பம் ஜப்பானில் அவருக்குக் கொடுத்த இடம் பதக்கங்களால் மட்டும் வந்ததல்ல. 2018 ஏப்ரல் 22 அன்று செண்டாயில் நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு சுமார் 1,08,000 பேர் வந்தார்கள். தன் புத்தகங்களின் ராயல்டியை ஐஸ் ரிங்க் செண்டாய்க்கே கொடுத்துவந்தார். ரசிகர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கும்போது பணம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். செண்டாய் சுரங்க ரயிலின் சர்வதேச மைய நிலையத்துக்கு அருகே அராகாவா, ஹன்யூ இருவரின் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. வெளியூர் ரசிகர்கள் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். கியோட்டோவின் செய்மெய் கோயில், கோபேயின் யுசுருஹா கோயில் இரண்டிலும் அவருக்காக வேண்டுதல் எழுதிக் கட்டிய மரப்பலகைகளைப் பார்க்கலாம்.

2014 நவம்பரில் ஷாங்காயில் நடந்ததும் இந்தக் கூட்டத்தை மாற்றியது. வார்ம்-அப்பில் சீனாவின் யான் ஹானோடு நேருக்கு நேர் மோதி, தலையிலும் தாடையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு ஃப்ரீ ஸ்கேட் ஆடினார். ஐந்து முறை விழுந்து 237.55 புள்ளியோடு இரண்டாம் இடம். அரங்கம் அழுதுகொண்டே கைதட்டியது. ஆனால் அந்த இரவே, அவரை ஆட விட்டிருக்கக் கூடாது என்று சொன்ன ரசிகர்களும் நிறையப் பேர். தலையில் அடிபட்டவரைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அங்கே யாருக்கு இருந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகு அவர் காயம்பட்ட ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்தது: 2017 நவம்பரில் ஒசாகா என்எச்கே கோப்பைப் பயிற்சியில் குவாட் லட்ஸ் என்ற ஜம்பில் விழுந்து வலது கணுக்கால் தசைநார் காயம்; 2018 நவம்பரில் மாஸ்கோவில் அதே கணுக்கால், இருந்தும் ஆடித் தங்கம், பிறகு கிராண்ட் பிரீ இறுதியையும் தேசியப் போட்டியையும் விட வேண்டிய நிலை. எங்கள் பார்வையில் இந்த விவாதம்தான் ஹன்யூ ரசிகர்களின் மிக முதிர்ந்த பங்களிப்பு. பதக்கத்தைவிட உடம்பு முக்கியம் என்று தன் நாயகனிடமே வாதாடத் தயாரான கூட்டம் விளையாட்டு உலகில் அதிகம் கிடையாது.

கரடிப் பொம்மை மழை

போட்டிகளில் ரிங்கின் ஓரத் தடுப்பில் ஹன்யூ வைத்த டிஷ்யூ பெட்டிக்கு வின்னி த பூ (Winnie the Pooh) என்ற கார்ட்டூன் கரடியின் உறை. அதைப் பார்த்த ரசிகர்கள் அவர் ஆடி முடித்ததும் அந்தக் கரடிப் பொம்மைகளை ஐஸில் எறியத் தொடங்கினார்கள். வணிகச் சின்ன விதிகளால் ஒலிம்பிக்கில் அந்த உறையை அவர் கொண்டுவர முடியவில்லை, பார்வையாளர்கள் கொண்டுவந்தார்கள். பியோங்சாங்கில் மஞ்சள் மழையே பெய்தது. அங்கே சேர்ந்த பொம்மைகளை உள்ளூர்க் குழந்தைகளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார்.

கண்ணுக்கு அழகு. ஆனால் இதில் சிக்கல் இருக்கிறது. ஐஸில் கிடக்கும் ஒரு பூவிதழ், ஒரு காகிதக் குறிச்சீட்டு, பொம்மையிலிருந்து கழன்ற ஒரு பொத்தான், எது பிளேடுக்கு அடியில் வந்தாலும் அடுத்த ஸ்கேட்டர் விழுவார். பியோங்சாங் ஃப்ரீ ஸ்கேட்டில் ஹன்யூவுக்குப் பிறகு ஹாவியர் பெர்னாண்டஸும் ஷோமா உனோவும் ஆட வேண்டியிருந்தது. முன்னவரின் புள்ளி அறிவிக்கப்படும்வரை அடுத்தவர் ஐஸில் சுற்றித் தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிற அந்த ஓரிரு நிமிடம் விலைமதிப்பற்றது; பெயர் அழைத்த 30 நொடிக்குள் தொடக்க நிலைக்கு வராவிட்டால் கழிவுப் புள்ளி. அந்த நேரத்தில் ஐஸ் முழுக்கப் பொம்மையும் அதைப் பொறுக்கும் சிறுவர்களும் என்றால், பாதிக்கப்படுவது எதிராளி. பெர்னாண்டஸ் ஹன்யூவோடு ஒரே பயிற்சியாளரிடம் டொரண்டோவில் பழகியவர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அனுபவமுள்ள ரசிகர்கள் பின்பற்றும் முறை இது. பொம்மை முழுவதும் துணியாக இருக்கட்டும். கண் மூக்கு தையலாக, உள்ளே மணி நிரப்பாததாக. காகிதச் சீட்டு, நூல், ரிப்பன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளில் முழுவதும் சுற்றி, ஓரங்களை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். பூக்களுக்கும் இதேதான், தண்டின் அடிவரை. கடிதத்தைப் பொம்மையோடு கட்டி எறியாதீர்கள். அது தனியாகப் பரிசுப் பெட்டியில் போகட்டும். மேல் வரிசைகளிலிருந்து எறிந்தால் ஐஸை எட்டாமல் முன்வரிசைக்காரர் தலையில் விழும். ஆகவே கீழே இருப்பவரிடம் கொடுத்து அனுப்புங்கள். ஸ்கேட்டர் வணங்கி முடித்த பிறகு மட்டும் எறியுங்கள், அதுவும் அடுத்தவர் ஐஸில் கால் வைப்பதற்கு முன். அரங்கம் எறியக்கூடாது என்று அறிவித்தால் அதோடு முடிந்தது. கொரோனா காலத்தில் இந்தப் பழக்கம் முழுக்க நின்றது. 2021 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டி பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது. அப்போது கடிதமும் பேனரும்தான் மிஞ்சின. பெய்ஜிங்குக்குக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

தனி ஆளாக நிகழ்ச்சி நடத்துவது

2022 ஆகஸ்ட் 10 அன்று செண்டாயில் ஒரு பயிற்சியை யூடியூபில் நேரலையாகத் திறந்து காட்டினார். நவம்பர் 4, 5 யோகோஹாமா, டிசம்பர் 2, 3, 5 ஹச்சினோஹே: முதல் தனி நிகழ்ச்சி 'புரோலாக்'. அதன் தொடக்கத்தில் போட்டியில் நடப்பதுபோலவே ஆறு நிமிட வார்ம்-அப் செய்து, பியோங்சாங் தங்கம் கொடுத்த 'செய்மெய்'யை ஆடினார். டோக்கியோ டோமின் 'கிஃப்ட்'டில் முதல் பாதி முடிவில் மறுபடி ஆறு நிமிட வார்ம்-அப். பிறகு பெய்ஜிங்கின் அதே ஷார்ட் புரோகிராம். குவாட் சால்கோ சுத்தமாக இறங்கியது. 35,000 பேருக்கும் அது என்ன ஜம்ப் என்று தெரியும்.

2023 மார்ச்சில் மியாகியின் ரிஃபு ஊரில், மற்றவர்களோடு சேர்ந்து, 'நோட்டே ஸ்டெல்லாட்டா'. 2011 பேரிடரில் இறந்தவர்களின் உடல்களை வைத்திருந்த அரங்கம் அது. மார்ச் 11 அன்று அங்கே ஆடுவதன் எடையைச் செண்டாய்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல்வரை 'ரீ_பிரே' சுற்றுப்பயணம்: சைத்தாமா, சாகா, யோகோஹாமா, மியாகி. 2024 டிசம்பர் 7, அவருடைய 30ஆம் பிறந்தநாளில், சைத்தாமாவில் 'எக்கோஸ் ஆஃப் லைஃப்'. அடுத்து ஹிரோஷிமா, சிபா.

போட்டியாளராக இருந்தபோது சங்கம் அனுப்பியது, ஒளிபரப்பு நிறுவனம் பணம் கட்டியது, அரங்க வாடகை ஏற்பாட்டாளர் பொறுப்பு. தனி நிகழ்ச்சியில் ஐஸ் போடுவது முதல் ஒளி, ஒலி, காணொளி, உடை, இசை உரிமை வரை எல்லாச் செலவும் கடைசியில் டிக்கெட், திரையரங்க நேரலை, பொருள் விற்பனை மூன்றின் மேல் வந்து நிற்கிறது. அதனால் ரசிகரின் பணம் இப்போது முன்னைவிட நேரடியாக அவரிடம் போகிறது. ரசிகரின் தவறும் அதே அளவு நேரடியாகப் போகிறது.

டிக்கெட் விஷயத்தில் தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை. விற்பனை குலுக்கல் முறை. பலர் எல்லா நாட்களுக்கும் விண்ணப்பித்து, இரண்டு நாள் விழுந்துவிட்டால் ஒன்றைக் கைமாற்றப் பார்க்கிறார்கள். ஜப்பானில் 2019 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, பெயர் குறித்த நிகழ்ச்சி டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குத் தொழிலாக மறுவிற்பனை செய்தால் ஓராண்டுவரை சிறை, 10 லட்சம் யென்வரை அபராதம், அல்லது இரண்டும். வாசலில் அடையாள அட்டை கேட்டால் வேறு பெயர் டிக்கெட்டோடு நிற்பவர் உள்ளே போக முடியாது. அந்த இருக்கை காலியாகவே கிடக்கும். எனவே நிச்சயமாகப் போகக்கூடிய நாளுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். துணைக்கு வருபவரின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே பதியுங்கள். போக முடியாவிட்டால் அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளம் திறந்திருக்கும் நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு ரசிகர்களுக்குப் பெரும் தடை ஜப்பானியத் தொலைபேசி எண். எண் இல்லாமல் பதிவே நடக்காத தளங்கள் பல. வெளிநாட்டவருக்கென்று தனி விற்பனை வரும்வரை காத்திருப்பதும், தாய்வான், ஹாங்காங், கொரியா போன்ற இடங்களில் திரையரங்க நேரலை வரும்போது அதற்குப் போவதும் நேர்மையான வழிகள்.

2023 நவம்பர்

2023 ஆகஸ்ட் 4 அன்று தன் திருமணத்தை அறிவித்தார். மனைவியின் பெயரைச் சொல்லவில்லை. நவம்பர் 17 இரவு, ரீ_பிரே தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், பிரிந்துவிட்டதாக அறிவித்தார். குடும்பத்தையும் உறவினரையும் பின்தொடர்வது, அவதூறு, அனுமதியற்ற செய்தி சேகரிப்பு எல்லாம் தொடர்ந்ததால் மனைவியைக் காக்க முடியவில்லை என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

இதில் ஊடகத்தின் பங்கு பெரிது. அதை மட்டும் சொல்லிவிட்டு ரசிகர்கள் நகர்ந்துவிடக் கூடாது. மறைத்த பெயரைத் தோண்டிய கட்டுரைகளின் சுட்டியைப் பகிர்ந்ததும் படித்ததும், "யார் அவர்?" என்று தேடியதும், ஊகத்தை இன்னொருவருக்குக் கடத்தியதும் இந்தக் கூட்டத்திலும் நடந்தன. அந்த வகைச் செய்தி சொடுக்குகளால் வாழ்கிறது. கோபத்தில் பகிர்ந்தாலும் கணக்கில் ஒன்றுதான். ஹன்யூவின் எதிர்காலம் என்று பேசத் தொடங்கி அவருடைய வீட்டுக்குள் போய்விடுவது ஆதரவே அல்ல. அவர் ஐஸில் வைத்தது நம்முடையது. வைக்காதது நம்முடையது அல்ல. இதில் நடுநிலை எடுக்க எங்களால் முடியவில்லை.

இதற்கு அடுத்த நிலையில் இருப்பது மற்ற ஸ்கேட்டர்களின் ரசிகர்களோடு நடக்கும் போர். புள்ளி குறைந்தது என்று வாதாட முறை இருக்கிறது: நடுவர்களின் மதிப்பெண் தாளை எடுத்து, எந்த உறுப்பில், எந்த நடுவர், என்ன தரப் புள்ளி கொடுத்தார் என்று காட்டி, அதே போட்டியில் அதே ஜம்புக்கு மற்றவர் பெற்றதோடு ஒப்பிடுவது. அப்படிச் செய்தவர்களின் வாதத்தை எதிர்த்தரப்பும் படித்தது. நேதன் சென், உனோ ஆகியோரை வசைபாடியவர்களால் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இனி

போட்டியில் ஷார்ட் சுமார் 2 நிமிடம் 40 நொடி, ஃப்ரீ சுமார் நான்கு நிமிடம். ஒரு வார இறுதியில் ஏழு நிமிடத்துக்கும் குறைவு, மூன்றும் ஏழுமாகப் பத்து ஜம்ப் உறுப்புகள். தனி நிகழ்ச்சியில் ஒரே இரவில் புரோகிராமுக்குப் பின் புரோகிராம். நடுவில் காணொளி ஓடும் நேரம்தான் மூச்சுக்கும் உடை மாற்றவும். ஆஸ்துமாக்காரருக்கு இதன் பொருள் என்ன என்று யோசிக்க வேண்டும். அவர் இடப்பக்கம் சுழல்பவர், எனவே எல்லா ஜம்பிலும் இறங்குவது வலது காலில். லட்ஸ், டோ லூப் இரண்டுக்கும் எப்படி எழும்பினாலும் இறங்கும் இடம் அதே கணுக்கால். போட்டியில் வெண்ணொளி சீராக இருக்கும். ஷோவில் இருட்டும் ஸ்பாட் லைட்டும் ஐஸின் மேல் ஓடும் படங்களும். எழும்பும் இடத்தை விளிம்பு ஓர விளம்பரப் பலகையை வைத்துக் கணிப்பவருக்கு அந்தக் குறி அங்கே தெரியாது.

நிகழ்ச்சித் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர் தரப்பு இதைக் கவனித்திருப்பது தெரிகிறது. புரோலாக் யோகோஹாமாவில் அடுத்தடுத்த நாட்கள். ரீ_பிரே சைத்தாமாவிலும் நவம்பர் 4, 5. அதன் பிறகு சாகா ஜனவரி 12, 14. யோகோஹாமா பிப்ரவரி 17, 19. மியாகி ஏப்ரல் 7, 9. எக்கோஸ் ஆஃப் லைஃப் சைத்தாமாவில் டிசம்பர் 7, 9, 11. நடுவில் ஒரு நாள் ஓய்வு என்பது வழக்கமாகிவிட்டது. வெளியூர் ரசிகருக்கு இது கூடுதல் ஹோட்டல் செலவு, கூடுதல் விடுப்பு. சிலர் முணுமுணுத்தார்கள். அந்த ஒரு நாள்தான் ரசிகர்கள் விட்டுக்கொடுக்கவே கூடாத நாள். அடுத்த சுற்றுப்பயணம் அறிவிக்கப்படும்போது ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கேட்பதைவிட, இருக்கிற நிகழ்ச்சிகளுக்குத் திரையரங்க நேரலை அதிக நாடுகளில் கிடைக்க வேண்டும், பதிவைப் பிறகு பார்க்கும் காலம் நீள வேண்டும் என்று கேட்பது அதே ஆசையை அவருடைய கணுக்காலைத் தொடாமல் நிறைவேற்றும்.

மீதமிருப்பது குவாட் ஆக்சல். தொழில்முறைக்கு மாறிய அன்றே அதைத் தொடர்ந்து முயல்வதாக ஹன்யூ சொல்லியிருந்தார். இரண்டு மாதம் கழித்து, 2022 செப்டம்பர் 14 அன்று, லேக் பிளாசிடில் இலியா மாலினின் என்ற 17 வயது அமெரிக்கர் ஒரு போட்டியில் அதை முதன்முதலாகச் சுத்தமாக இறக்கினார். ஹன்யூ நாளை ஒரு ஷோவில் இறக்கினாலும் அங்கே நடுவர் குழு இல்லை. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் பதிவேட்டில் அது ஏறாது. புள்ளிக்கோ பதக்கத்துக்கோ உதவாத, வலது காலின் மேல் அதிகச் சுமையோடு இறங்கும் ஒரு ஜம்பைத் தனி நிகழ்ச்சிக்குள் வைக்கச் சொல்லிப் பார்வையாளர் கேட்கக் கூடாது. அவராக ஒரு நாள் வைத்தால், அன்றைக்கு அரங்கில் இருப்பவர்கள் எழுந்து நிற்கட்டும்.